கோட்டுச்சேரியில் படம் வராத சி.டி.

கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலை பார்த்த அம்பலவாணனுக்கு ‘தெரியாது’ என்ற வார்த்தை மட்டும் வாயில் வராது. காரைக்கால் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால், தெரியாவிட்டாலும் ஒரு நேரத்தைச் சொல்லி அனுப்பிவிடுவார். அந்த நேரத்துக்கு பஸ் வராவிட்டால் அது பஸ்ஸின் தப்பு.

2006 தை மாதம் அவர் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. தெருவிலேயே முதல் கம்ப்யூட்டர். அதில் அவருக்குச் சீட்டு விளையாடத் தெரியும், அணைக்கத் தெரியும். மற்றபடி அதைத் துடைத்துக்கொண்டிருப்பார். வாங்கியதே பேத்தியைப் பார்க்கத்தான். மகள் நித்யஸ்ரீ கல்யாணமாகிப் பாரிசில் இருந்தாள். அங்கே பிறந்த பேத்தி காவ்யாவுக்கு அப்போது ஏழு மாதம். அம்பலவாணன் பார்த்ததெல்லாம் தபாலில் வந்த இரண்டு போட்டோதான். அதிலும் ஒன்றில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

மாசி மாதம் பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்த நூர் அகமது, நித்யஸ்ரீ படம் பிடித்து அனுப்பிய ஒரு சி.டி.யைக் கொண்டுவந்து கொடுத்தான். காரைக்கால் பையன், மாப்பிள்ளை கலைவாணனோடு வேலை பார்ப்பவன்.

“அண்ணே, இது ஆப்பிள் கம்ப்யூட்டர்ல போட்டது. உங்களுதுலே ஓடுமான்னு ஒரு தடவை பாத்துக்குங்க.”

“ஆப்பிளா இருந்தா என்ன, மாம்பழமா இருந்தா என்ன? சி.டி.ன்னா சி.டி.தானே” என்றார் அம்பலவாணன்.

போட்டுப் பார்க்காமலேயே, பேத்தியைக் காட்டுகிறேன் என்று ஊரைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் பதினைந்து பேர். அலுவலகத்திலிருந்து பாலகுரு வந்திருந்தார். வரிச்சிக்குடியிலிருந்து சம்பந்தியம்மாள் தையல்நாயகியும் வந்து முன்வரிசையில், கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுவது அவர் வழக்கம். பாரிசு போய்வந்த பிறகு அது இரண்டு மடங்காகியிருந்தது. “பனியிலே நான் நடந்ததை வெள்ளைக்காரங்களே நின்னு பாத்தாங்க” என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்பலவாணன் சி.டி.யை உள்ளே தள்ளினார். அது கர்ரென்று சுற்றியது. திரை கறுப்பாக நின்றது. ஆனால் சத்தம் மட்டும் கணீரென்று வந்தது.

“வா... வா... மெதுவா...” மாப்பிள்ளை கலைவாணனின் குரல். பின்னால் நித்யஸ்ரீ சிரிக்கிற சத்தம்.

“படம் எங்கங்க?” என்றாள் மனைவி மாரியம்மாள்.

அம்பலவாணன் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தார். வேறு ஏதோ வந்தது.

“முதல்லே சத்தம்தான் வரும். நான் சொல்றேன், கேளுங்க. மாப்பிள்ளை கையை நீட்டுறார். குழந்தை நடக்குது!”

“காலை நல்லா ஊணு... கையை விடாதே” என்றது கம்ப்யூட்டர்.

“பாத்தீங்களா? அடி எடுத்து வைக்குது! ஒண்ணு... ரெண்டு...”

“எட்டு மாசத்துலே எந்தக் குழந்தை நடக்குது?” என்று பாலகுரு கேட்டார்.

அம்பலவாணன் சம்பந்தியம்மாளைப் பயத்தோடு பார்த்தார். மூன்று மாதம் கூடவே இருந்தவர். இப்போது மானம் போகப்போகிறது. ஆனால் தையல்நாயகியின் முகம் ஏனோ வெளுத்திருந்தது. சட்டென்று நிமிர்ந்து, “எங்க வம்சத்துலே எல்லாம் எட்டு மாசம்தான்! சம்பந்தி சரியாத்தான் சொல்றார். சொல்லுங்க சம்பந்தி” என்றார்.

கல்யாணப் பேச்சு தொடங்கிய நாள் முதல் அந்த அம்மாள் அவரை ஆமோதித்தது அதுதான் முதல் தடவை. அம்பலவாணனுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. குழந்தை சுவரைப் பிடிக்கிறது என்றார். தாத்தா எங்கே என்று தேடுகிறது என்றார். அப்போது ‘தடதடதட’ என்று தகரம் உருளும் சத்தம். ‘தொப்’பென்று இன்னொரு சத்தம். “ஐயோ அம்மா!” என்று கலைவாணன் அலறினான்.

“விழுந்துடுச்சு” என்றார் அம்பலவாணன்.

“குழந்தை விழுந்தா இவ்வளவு பெரிய சத்தமா வரும்?” பாலகுரு விடுவதாக இல்லை.

“மைக்கு பக்கத்துலே இருந்திருக்கும்” என்றார் தையல்நாயகி வேகமாக.

ஒரு நாய் குரைத்தது. யாரோ ஒரு ஆள், “மதாம்! மதாம்!” என்று பதறினான்.

“குழந்தையை எதுக்கு, பெரிய பொம்பளையைக் கூப்பிடுற மாதிரி, மதாம்னு கூப்பிடுறான்?” என்றார் பாலகுரு.

“அங்கே எல்லாரையும் மரியாதையாத்தான் கூப்பிடுவாங்க. நீங்க போயிருக்கீங்களா? நான் போயிருக்கேன்” என்று சம்பந்தியம்மாள் ஒரே போடாகப் போட்டார். பாலகுரு அடங்கிவிட்டார்.

எல்லோரும் காபி குடித்துவிட்டு, எட்டு மாதத்தில் நடந்த குழந்தையைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். அம்பலவாணனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஊருக்கே பேத்தியைக் காட்டியாகிவிட்டது, தான் பார்க்கவில்லை. மறுநாள் நூர் அகமதுவுக்கு போன் போட்டு உண்மையைச் சொன்னார்.

“அவ்வளவுதானேண்ணே? சத்தத்தைச் சுருட்டிவச்ச விதம் உங்க கம்ப்யூட்டருக்குப் புரியுது, படத்தைச் சுருட்டிவச்ச விதம் புரியலே. என் லேப்டாப்பும் ஆப்பிள்தான். அடுத்த ஞாயிறு எடுத்துட்டு வர்றேன்.”

செய்தி எப்படியோ வரிச்சிக்குடிக்குப் போய்விட்டது. ஞாயிறு காலை முதல் பஸ்ஸிலேயே தையல்நாயகி வந்து இறங்கினார்.

“எதுக்கு சம்பந்தி இன்னொரு தடவை? கேட்டதே பாத்த மாதிரிதானே? நீங்க சொன்னப்போ எனக்கு அப்படியே கண்ணு முன்னாலே தெரிஞ்சுது. கண்ணுக்கு வேற கெடுதல்.”

“பேத்தி முகத்தைப் பாக்க வேணாமா சம்பந்தி?” என்றாள் மாரியம்மாள்.

தையல்நாயகி லேப்டாப்பின் மேல் தன் கைப்பையை வைத்தார். நூர் அகமது பணிவாக எடுத்துக் கீழே வைத்தான். தட்டில் முறுக்கைக் கொண்டுவந்து வைத்தார். அதையும் எடுத்து வைத்தான். அதற்குள் போன வாரத்துப் பதினைந்து பேரும் இருபதாகக் கூடிவிட்டார்கள்.

படம் வந்தது. தெரு முழுக்க வெள்ளை வெளேரென்று பனி. நடுவில் பட்டுப்புடவை, அதன்மேல் மகனுடைய கோட்டு, தலையில் குரங்குக் குல்லா, முழங்கால்வரை பூட்சு. சாட்சாத் தையல்நாயகி.

“வா... வா... மெதுவா...” என்று கலைவாணன் கையை நீட்டினான். அந்த அம்மாள் முதல் அடி வைத்தார். இரண்டாவது அடி தானாகவே போனது. மூன்றாவது அடி வேறு திசையில் போனது. ஓரத்தில் நின்ற குப்பைத்தொட்டியைக் கட்டிப்பிடித்தார். தொட்டிக்குச் சக்கரம் இருந்தது. இருவருமாகச் சேர்ந்து சரிவில் தடதடவென்று இறங்கி, ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவையும் அவருடைய நாயையும் கடந்துபோய், ஒரு புதரில் தொப்பென்று விழுந்தார்கள். தாத்தா தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “மதாம்! மதாம்!” என்று ஓடினார்.

 முதலில் பாலகுருவிடமிருந்து ஒரு கீச்சுக்குரல் கிளம்பியது. அவ்வளவுதான், கூரை பிய்த்துக்கொண்டு போகிற சிரிப்பு. மாரியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையற்கட்டுக்கு ஓடினாள். அம்பலவாணன் சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் வேட்டி நுனியைக் கசக்கினார்.

“சம்பந்தி... குழந்தைன்னு சொன்னீங்களே?”

“நீங்கதானே சொன்னீங்க? நான் ஆமான்னேன்” என்று எழுந்த தையல்நாயகி, காபியைக்கூடத் தொடாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நூர் அகமது அந்த வாரமே படத்தை எந்தப் பெட்டியிலும் ஓடுகிற மாதிரி மாற்றி வி.சி.டி.யாகப் போட்டுக் கொடுத்தான். பத்து நாள் சம்பந்தியம்மாளிடமிருந்து பேச்சுமூச்சு இல்லை. அம்பலவாணனுக்குப் பயமாகக்கூட இருந்தது. பதினோராம் நாள் போன் வந்தது.

“இங்கே ஆளாளுக்கு அரைகுறையாக் கேள்விப்பட்டுட்டு வந்து விசாரிக்கிறாளுங்க. நான் ஆத்துலே விழுந்தேன்கிறா ஒருத்தி. எனக்கு ஒரு சி.டி. கொடுத்தனுப்புங்க. முழுசாப் பாத்தாத்தானே தப்பு அந்தத் தொட்டி மேலேன்னு தெரியும்?”

அதன்பிறகு வரிச்சிக்குடியில் அவர் வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் அதைப் பார்த்தாக வேண்டியிருந்தது. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சரியாகத் தொட்டி நகரும் இடத்தில் நிறுத்தி, “இந்தா, இப்போ பாருங்க, யாரு முதல்லே வழுக்குனது?” என்று நீதி கேட்பாராம்.

அம்பலவாணனிடம் இருந்த வி.சி.டி.யின் கதை வேறு. தொட்டி உருளும்போது கேமரா ஒரு தடவை ஆடிப்போய் ஓரத்துக்குத் திரும்புகிறது. அங்கே தள்ளுவண்டியில் கம்பளிக்குள்ளே காவ்யா, பாட்டி போன திசையைப் பார்த்து வாய் முழுக்கச் சிரிக்கிறாள். கீழே இரண்டு பல். மொத்தம் நான்கு நொடிதான். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் அவரும் மாரியம்மாளும் அந்த நான்கு நொடியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்ப்பார்கள்.

“உங்க பல்லுதாங்க, நடுவிலே உங்களுக்கு இருக்கிற அதே இடைவெளியைப் பாருங்க” என்பாள் மாரியம்மாள்.

அடுத்த சி.டி. வந்தபோது அந்த இடைவெளி மூடிப்போய், மேலேயும் இரண்டு பல் முளைத்திருந்தது.