பத்திரத்தின் கடைசிக் கட்டம்

காரில் இருந்தவர்கள் மூன்று பேர்: ஓட்டிக்கொண்டிருந்த அந்தோனிப்பிள்ளை அண்ணை, அவருக்குப் பக்கத்தில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி சின்யோரா ஈடித், பின்னால் மந்தரீன் தோடம்பழப் பெட்டிகளுக்கு நடுவே கால் நீட்ட இடமில்லாமல் நான். வராதவர்கள், சின்யோராவின் கணவரும் மகனும். கணவர் இறந்து ஆறு வருடமாகியிருந்தது. மகன் வட இத்தாலியத் தொரினோவிலிருந்து தொலைபேசியில், அம்மாவுக்குப் பைத்தியம், உனக்கும் பைத்தியம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நாங்கள் ஆர்தர் என்பவரைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தோம். அவரை வந்தவர்களில் சேர்ப்பதா வராதவர்களில் சேர்ப்பதா என்பது எனக்கு இன்றும் தெளிவில்லை.

நேற்றுச் சந்தையில் ஒரு கிலோ சியாகுல்லி மந்தரீன் வாங்கினேன். மற்றப் பழமெல்லாம் முடிந்த பிறகு, மார்ச் மாதத்தில் வருகிற அந்தப் பிந்திய பழம். தோலில் நகம் பட்டதுதான் தாமதம், அந்தக் கார் வந்துவிட்டது. அண்ணை வேலைசெய்த தோட்டத்தின் பழைய பியற் அது. அதன் இருக்கைத் துணிகூட மந்தரீன் மணக்கும். திரும்பி வரும்போது அந்த மணத்தில் எனக்குக் குமட்டியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட நினைவுகளில் குமட்டலை விட்டுவிடுவது எழுதுகிறவர்களின் வழக்கம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சிசிலித் தீவின் பலேர்மோ நகரில், வியா மக்வேதா வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மூன்றாம் மாடியில் சின்யோராவின் வீடு. காலையில் நிலம் துடைத்து, சந்தைக்குப் போய்வந்து, மதியச் சாப்பாடு வைத்துக் கொடுப்பது என் வேலை. வீட்டில் எப்போதும் அவித்த முட்டைக்கோவாவும் தேயிலையும் மணக்கும். "உங்கடை ஊர்த் தேயிலை" என்று பெருமையாகத் தருவார். நான் பிறந்ததிலிருந்து ஒரு தேயிலைச் செடியைக்கூடக் கண்டதில்லை. ஆனாலும் குடித்துப் பார்த்து, தோட்டத்துரை மாதிரித் தலையாட்டுவேன்.

அவர் வட இங்கிலாந்தில் ஒரு நெசவாலை ஊர்க்காரி. அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில், அம்மா தறியில். போர் முடிந்ததும், அங்கே பண்ணையில் வேலைசெய்த இத்தாலியப் போர்க்கைதி ஒருவரைக் கல்யாணம் முடித்துப் பலேர்மோத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர். வெள்ளைக்காரி என்றால் மாளிகையில் பிறந்து பியானோ வாசித்தவள் என்று நம்பிக்கொண்டிருந்த எனக்கு முதல் அதிர்ச்சி, பதினான்கு வயதில் அவர் ஆலைக்குப் போனது. இரண்டாவது அதிர்ச்சி, அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் ஒழுங்காக எழுத வராது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவன் நான். அப்பா கைநாட்டு. சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்குத் திறமைச் சித்தி, அதாவது நடுத்தரம். அந்த நடுத்தரத்தை வைத்துக்கொண்டு ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் வரலாற்றைத் தோண்டப் புறப்பட்டேன்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சிறு வயதில் அவர் வீட்டில் இருந்த அங்கிள் ஆர்தர், ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்து மூன்றில் சிசிலிக்குப் படையோடு வந்து செத்துப்போனாராம். அதே தீவில் ஐம்பது வருடம் சோறு தின்றும் அவர் கிடக்கிற இடம் தெரியாது. கணவர் இருந்தவரை போரைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. இப்போது மகன் ஈஸ்டருக்கு வந்து, வீட்டை விற்று, தாயைத் தொரினோவுக்குக் கூட்டிப் போகப் போகிறார். அதற்கு முன் கண்டுபிடிக்க வேண்டும்.

"ஆளின்ரை முழுப்பேர் என்ன?" என்று கேட்டேன்.

"அங்கிள் ஆர்தர்."

"அது சரி, குடும்பப் பேர்?"

"அங்கிளுக்கு ஆரும் குடும்பப் பேர் கேக்கிறவையே, மோனை?"

அவர் பேசியது ஆலை ஊர் ஆங்கிலமும் சந்தை இத்தாலியனும் கலந்த ஒன்று. எனக்கு அது எங்கள் தமிழில்தான் நினைவிருக்கிறது. அம்மாவிடம் கேட்டிருக்கலாமே என்றேன். அப்பா செத்த சில மாதத்தில் ஆர்தர் வீட்டை விட்டுப் போனார், அதற்குப் பிறகு அவர் பேரை எடுத்தாலே அம்மா அடிப்பார் என்றார்.

நான் முறையாகத் தொடங்கினேன். முதலில் சின்யோராவின் அப்பாவின் மரணப் பத்திரம் கேட்டு எழுதினேன். 'தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவன்புடன் கொண்டுவருவது யாதெனில்' என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து இரண்டு பக்கம். வாசித்துக் காட்டியதும் சின்யோரா கேட்டார்: "இது ராசாவுக்கே எழுதிறாய்?"

பத்திரம் வந்தது. பெயர், வயது, தொழில், நுரையீரல் நோய். நான்கையும் சிவப்புப் பேனையால் கோடிட்டு, புதுக் கோப்பில் போட்டேன். கோப்பில் 'ஆவணம் 1' என்று எழுதியபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

இனி ஆர்தர். ஆங்கிலத்தில் அங்கிள் என்றால் அங்கிள்தான். பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் ஒரே சாக்குக்குள். ஆகவே விசாரித்தேன்.

"உங்களோடை எப்பிடி?"

"தோளிலை தூக்கிக்கொண்டு திரிவார். பள்ளிக்கூடத்துக்குப் போட முதல் சோடி மரக்கட்டைச் சப்பாத்து அவர்தான் வாங்கித் தந்தவர். அப்பா ஏசினால் நடுவிலை வந்து நிப்பார்."

எனக்குப் போதும். முதல் சோடி வாங்கிக் கொடுத்து, தகப்பனோடு முட்டுகிறவர் வேறு யாராக இருக்க முடியும்? தாய்மாமன்! எங்கள் ஊரில் இதைக் குழந்தையும் சொல்லும். இங்கிலாந்துக் குழந்தை சொல்லுமா என்று நான் யோசிக்கவில்லை. அம்மாவின் கல்யாணப் பத்திரம் எடுத்து, அவர் பிறந்த வீட்டுப் பேரைக் கண்டு, அவரின் பிறப்புப் பத்திரமும் எடுத்து, அந்தப் பேரில் ஓர் ஆர்தரைத் தேடச் சொல்லிப் போர்க் கல்லறைகளுக்குப் பொறுப்பானவர்களுக்கு எழுதினேன். சிசிலியில் அப்படி யாரும் இல்லை என்று பதில் வந்தது. முந்திய போரில், பெல்ஜியத்தில் ஒருவர் இருக்கிறாராம்.

சரி, அப்பாவின் தம்பி என்று மாற்றினேன். அப்பாவின் பேரில் வட ஆபிரிக்காவில் ஓர் ஆர்தர் இருந்தார். செய்தி பிழையாக வந்திருக்கும், சிசிலி இல்லை, ஆபிரிக்காதான் என்று சின்யோராவுக்கு நானே விளக்கம் சொன்னேன். அவர் மெழுகுதிரி கொளுத்தி ஒரு கிழமை அழுதார். பிறகுதான் கடிதத்தின் மறுபக்கத்தைப் பார்த்தேன். வயது பத்தொன்பது. சின்யோராவைத் தோளில் தூக்கிய காலத்தில் அந்தப் பொடியன் பிறந்தேயிருக்கவில்லை.

"பரவாயில்லை, மோனை," என்றார். "அந்தப் பிள்ளைக்கும் ஆரும் அழத்தானே வேணும்."

இதற்குள் மாசி வந்துவிட்டது. மகன் வீடு வாங்க வந்தவர்களுக்குத் திறப்புக் கொடுத்திருந்தார். அவர்கள், சின்யோராவின் கோப்பையில் தேநீர் இருக்கும்போதே, சமையலறைச் சுவரை அளந்துவிட்டுப் போனார்கள்.

நான் இருந்த அறையையும் சொல்ல வேண்டும். ஐந்து பேர். ஒருவருக்கொருவர் சொட்டு இரத்த உறவு கிடையாது. ஆனாலும் எல்லாரும் அண்ணை, தம்பி. ஊருக்கு எழுதும்போது 'வீட்டு ஆக்கள் எல்லாரும் சுகம்' என்றுதான் எழுதுவோம். இதில் மூத்தவர் மன்னார் அந்தோனிப்பிள்ளை அண்ணை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். என்னை 'மாஸ்ரர்' என்று கூப்பிடுவார். அது மரியாதை அல்ல.

ஒரு ஞாயிறு மத்தியானம் கோப்பைப் பரப்பி வைத்துத் தலையில் கை வைத்திருந்தேன். அண்ணை மீன்குழம்புக் கையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"மாஸ்ரர், இதிலை எல்லாத்துக்கும் கோடு போட்டிருக்கிறாய். கடைசிக் கட்டத்துக்கு ஏன் போடேல்லை?"

"அது சும்மா அண்ணை. ஆர் பதிஞ்சது எண்டு போடுறது."

"சும்மாவோ?" குழம்புக் கை படாமல் முழங்கையால் பத்திரத்தை என் பக்கம் தள்ளினார். "என்ரை தம்பியின்ரை பத்திரத்திலை அந்தக் கட்டத்திலை என்ரை பேர்தான் கிடக்கு. ஆர் பக்கத்திலை நிண்டது எண்டு கேட்டுத்தான் எழுதுவாங்கள். வாசி."

வாசித்தேன். ஆர்தர் பெல். வாடகைக்கு இருப்பவர். அதே முகவரி. மரணத்தின்போது உடனிருந்தார்.

அந்தத் தாள் ஐந்து மாதமாக என் கோப்பில் முதலாவதாக இருந்தது. ஒரே கூரைக்குக் கீழ் நான்கு பேரை அண்ணை, தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டு வாடகைக்கு இருந்த எனக்கு, அங்கிள் என்பவர் வாடகைக்கு இருந்த ஆளாக இருக்கலாம் என்று ஒரு நாளாவது தோன்றவில்லை. அண்ணை கை கழுவப் போனார். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஆர்தர் பெல் என்று எழுதிப் போட்டேன். இந்த முறை நான்கு வரிக் கடிதம். பத்து நாளில் பதில். கத்தானியாவுக்கு வெளியே ஒரு கல்லறைத் தோட்டம், வரிசையும் இலக்கமும் போட்டு. உறவினர் என்ற இடம் வெறுமையாக இருந்தது.

சின்யோராவிடம் சொல்ல மூன்று நாள் பிந்தினேன். இல்லாத மாமனையும் சித்தப்பாவையும் தேடிவிட்டு, இருந்தவர் உறவே இல்லை என்று எப்படிச் சொல்வது? கடைசியில் பத்திரத்தைக் கையில் கொடுத்து, கடைசிக் கட்டத்தில் விரலை வைத்து வாசித்துக் காட்டினேன். பத்திரத்தை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப மனிசன் வாடகையும் குடுத்து, எனக்குச் சப்பாத்தும் வாங்கித் தந்திருக்கு" என்றார். சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "மற்றதை இன்னொருக்கா வாசி."

"மரணத்தின்போது உடனிருந்தார்."

"அம்மா தறியிலை. நான் பள்ளிக்கூடத்திலை. ஆரும் இல்லாமல் அப்பா தனியத்தான் செத்தவர் எண்டு எழுபது வருசமா நினைச்சுக்கொண்டிருக்கிறன், மோனை."

விதவை வீட்டில் வாடகைக்கு ஓர் இளந்தாரி. தெரு வாயை அடைக்கத்தான் அந்த அம்மா அவரை அனுப்பியிருப்பார், பேரையும் எடுக்க விட்டிருக்க மாட்டார். இது என் ஊகம். என் ஊகங்களின் தரம் உங்களுக்கு இப்போது தெரியும்.

கல்லறைத் தோட்டத்தில் புல் சீராக வெட்டியிருந்தது. தூரத்தில் எற்னா எரிமலையின் தலையில் பனி. சின்யோரா கல்லில் இருந்த பேரைக் கையால் தடவி, கீழே குனிய முடியாமல், மந்தரீன் பழங்களை அண்ணையிடம் கொடுத்து வைக்கச் சொன்னார். வாசலில் வருகையாளர் புத்தகம் இருந்தது. உறவு என்று ஒரு கட்டம். நான் பேனையோடு நின்றேன். இந்த முறை ஒரு கட்டத்தையும் விடுவதாக இல்லை.

"என்ன எழுத? மருமகளோ, பெறாமகளோ?"

"என்ன கேள்வி இது? வீட்டு ஆக்கள் எண்டு எழுது."

ஈஸ்டருக்கு அவர் போனார். அடுத்த வருடம் மகனிடமிருந்து கறுப்புக் கரை போட்ட மரண அறிவித்தல் அட்டை வந்தது. மூன்றாம் மாடி இப்போது சுற்றுலாக்காரருக்கு நாள் வாடகைக்கு விடப்படுகிறது. அவித்த கோவா மணம் போய், வாசனைத் திரவம் மணக்கிறது. எங்கள் ஐந்து பேர் அறையும் கலைந்துவிட்டது. அண்ணை இங்கிலாந்துக்குப் போய், பழைய நெசவாலை ஊர் ஒன்றில் ஒருவர் வீட்டில் வாடகைக்கு இருந்து, அங்கேயே காலமானார். அவருடைய பத்திரத்தின் கடைசிக் கட்டத்தில் யார் பேர் என்று நான் இன்னும் கேட்டறியவில்லை.

மிஞ்சியிருப்பது மந்தரீன் சுற்றிய ஒரு மெல்லிய தாள். திரும்பும் வழியில் சின்யோரா கணக்குப் பார்க்கச் சொல்ல, குமட்டலோடு நான் அதில்தான் எழுதினேன். பங்கு போட வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார், வீட்டு ஆக்கள் என்றால் அப்படித்தானாம். பத்திரங்கள், முத்திரை, பெற்றோல், வழியில் மூன்று சாப்பாடு. "இதிலை பாதி மாஸ்ரரின்ரை தாய்மாமனுக்குப் போன காசு" என்று அண்ணை சொன்ன இடத்தில் பேனை வழுக்கி ஒரு கோடு விழுந்திருக்கிறது. கோட்டுக்குக் கீழே, இப்போது எந்தக் கடையிலும் செல்லாத பணத்தில், என் நேர்த்தியான கையெழுத்தில்: இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் லீரா.