புல் மணக்கும் தேயிலை

எங்கள் சமையலறையின் மேல் தட்டில், சீரகத்துக்கும் கசகசாவுக்கும் பின்னால், மூடி நசுங்கிய பிஸ்கட் டப்பா ஒன்று இருக்கிறது. உள்ளே இரண்டு கை அளவு தேயிலைத் தூள். திறந்து முகர்ந்தால் தேயிலை வாசத்துக்கு முன்னால் காய்ந்த புல்லின் வாசம்தான் வரும். எந்தக் கடைக்காரரும் அதை விலைக்கு வாங்கமாட்டார். குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கும் மேலாக, தேயிலையின் பக்குவத்துக்குப் பொறுப்பான டீமேக்கராக இருந்தவர் என் மாமனார். அவர் கைபட்டுக் கெட்டுப்போன தேயிலை என்று உலகத்தில் ஏதாவது உண்டென்றால் அது இந்த டப்பாவில் இருப்பதுதான். கெட்டுப்போனது என் குதிரைக்காக.

கோயமுத்தூரில் வங்கி வேலையை விட்டுவிட்டு, ஊட்டிப் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த ஒரு பெண் குதிரையை வாங்கிக்கொண்டு நான் மலையேறியபோது என் மனைவிகூட ஒருவாறு ஒத்துக்கொண்டாள். மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை. வெலிங்டனுக்குக் கீழே ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லித் தருவதாக ஏற்பாடு. அவர் முதன்முதலில் பார்க்க வந்த அன்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குதிரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஏனுங் மாப்பிள்ளை, உத்தியோகத்தை உட்டுப்போட்டு இதைத்தான் வாங்குனீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். பிறகு அதன் பெயரை விசாரித்தார். பந்தயச் சீட்டில் அதற்கு வாய்க்குள் நுழையாத நீளத்தில் ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. சொன்னேன். "செவலைன்னு கூப்பிடுங்க, போதும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர். காளைமாட்டுக்கு வைக்கும் பெயரைப் பந்தயக் குதிரைக்கு வைத்த மனிதர் எங்கள் குடும்பத்தில் அவர் ஒருவர்தான்.

குதிரை வளர்ப்பதில் கடினமான காரியம் குதிரையைச் சமாளிப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை, அது தின்னும் புல்லைத் தேடுவதுதான். நெல் வைக்கோல் மாட்டுக்குச் சரி, குதிரைக்கு அது வெறுமனே வயிற்றை அடைக்கும். அதற்குப் பூவிடும் பருவத்தில் அறுத்து, பச்சை நிறம் போகாமல் காயவைத்த புல் வேண்டும். பந்தயக் குதிரைகளுக்கென்று வடக்கிலிருந்து கட்டுக் கட்டாக வரும் புல் அப்படித்தான் இருக்கும், ஆனால் அதன் விலையைக் கேட்டால் செவலையே மலிவு என்று தோன்றும். எனக்குக் கட்டுப்படியானது மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் ஏறி வருவது. அது மலைப்பாதையின் மஞ்சிலும் தூறலிலும் நனைந்து, தார்ப்பாய்க்குள் புழுங்கி, பிரிக்கும்போது சாம்பல் மாதிரி பூஞ்சணம் பறக்கும். நீலகிரியில் புல்லுக்குப் பஞ்சமா என்று கேட்பவர்கள் இங்கே ஒரு போர்வையைத் துவைத்துக் காயப்போட்டுப் பார்த்தவர்களாக இருக்கமாட்டார்கள். பச்சைப் புல் சாலையோரமெல்லாம் முழங்கால் உயரம் நிற்கும். அதைக் காயவைக்கத்தான் வெயில் கிடையாது.

இரண்டாவது மழைக்காலத்தில் செவலை இருமத் தொடங்கியது. முதலில் காலையில் மட்டும், பிறகு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நாலு அடி நடந்தாலே. மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே ஒரு கோடு விழுந்து எழுந்தது. கால்நடை டாக்டர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, புல்லை ஒரு கை அள்ளி என் முகத்துக்கு நேரே உதறினார். "இதையே போட்டீங்கன்னா அடுத்த மழைக்குத் தாங்காது. நல்ல புல்லு கெடைக்கலைன்னா கீழ குடுத்துருங்க" என்றார். கீழே கொடுப்பது என்றால் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுபவர்களிடம் கொடுப்பது. பேண்டு சத்தத்துக்கும் வெடிக்கும் நடுவில் அதை நினைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை மனைவி அவள் அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். செவலையைப் பார்க்கவில்லை, நேரே புல் மூட்டையிடம் போனார். ஒரு பிடி எடுத்துக் கசக்கினார், விரல்களை விரித்து அது எப்படி விரிகிறது என்று பார்த்தார், முகர்ந்தார், மூன்று தும்மல் போட்டார். "இது எலையா இருந்தா நான் ஃபேக்டரி வாசப்படி ஏற உட்டிருக்க மாட்டேனுங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, செவலை இருமுவதைக் காதில் வாங்காதவர் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழமை எலை வராது. தொட்டி சும்மாதான் கெடக்குது" என்றார்.

அவர் சொன்னது பச்சைத் தேயிலையை வாட்டும் தொட்டியை. நீளமான கம்பிவலைத் தொட்டியில் இலையைப் பரப்பி, அடியிலிருந்து விசிறி வைத்துக் காற்று விடுவார்கள். ஈரம் இறங்கி இலை துவளும். இலைக்கு ஆகிற காரியம் புல்லுக்கு ஆகாதா என்பது அவர் கணக்கு. முதலாளியிடம் நேராகவே போய்க் கேட்டார். அவர் சிரித்துவிட்டு, டீக்கு ஒரு கெடுதலும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாராம். வராது என்று மாமனார் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கின் கனத்தைச் சொல்ல வேண்டும். காய்ந்த தேயிலை பக்கத்தில் என்ன வாசம் இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். அதனால், காய்ந்த தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் அவருடைய சலிப்பறைக்குள் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு ஒரு பெண்ணும் நுழைய முடியாது. ஆரஞ்சுப் பழம் உரித்த கையோடு வந்தவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். என் மனைவி சின்ன வயதில் ஆசையாகப் பவுடர் பூசிக்கொண்டு சாப்பாடு கொண்டுபோக, கேட்டிலேயே தூக்குப்போசியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டாராம். அதை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் எஸ்டேட் ஓரத்துப் புல்லை ஆள் வைத்து அறுத்து, மாலையில் தொட்டியில் பரப்பினோம். ஞாயிறு முழுக்க விசிறி ஓடியது. அவர் மணிக்கு ஒருதரம் போய்ப் புரட்டிப் போட்டார், லீவு நாளில். திங்கள் காலை பத்து மணிக்குள் நான் வண்டியோடு வந்து புல்லை எடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு. பதினொரு மணிக்கு மேல் இலை வந்துவிடும். அன்றைக்குப் பார்த்து மழையில் ஒரு மரம் சாலைக்குக் குறுக்கே விழுந்து, நான் வழியில் நின்றுவிட்டேன். போய்ச் சேரும்போது மணி மூன்று. மழை கொட்டிக்கொண்டிருந்தது. தொட்டியில் பச்சை இலை இருந்தது, புல்லைக் காணோம். வெளியே போட்டுவிட்டார்கள் என்று நினைத்து மழைக்குள் எட்டிப் பார்த்தேன். மாமனார் சலிப்பறைக் கதவைத் திறந்தார். மல்லிகைப்பூ நுழையாத அந்த அறையில், சலித்துக் குவித்த தேயிலைக்கு நாலடி தள்ளி, என் புல் கட்டுகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. ஒரு சொட்டு ஈரம் படவில்லை.

"மழை வந்துருச்சுங்க. ஈரமில்லாத எடம் வேற ஏது?" என்றார்.

மறுநாள் காலை அவர் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து அந்தத் தேயிலையை ஊற்றிப் பார்த்தபோது நானும் இருந்தேன். மன்னிப்புக் கேட்கப் போயிருந்தேன். ருசி பார்ப்பவர்கள் வாயில் அலசிவிட்டுத் துப்பிவிடுவார்கள். முதல் கோப்பையை உறிஞ்சியவர் துப்பவில்லை, விழுங்கிவிட்டார். புல் வாசம் ஏறிவிட்டது என்று அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முதலாளியிடம் அவரே போய்ச் சொன்னார். இரண்டு மூட்டைதானே, ஏலத்துக்குப் போகும் பெரிய லாட்டோடு கலந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று முதலாளி பெருந்தன்மையாகவே சொன்னார். "எனக்குத் தெரியுமுங்களே" என்றார் மாமனார். இரண்டு மூட்டையையும் தன் பொறுப்பில் வாங்கி, என் வண்டியிலேயே ஏற்றினார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "செவலை திங்குதான்னு பாத்துச் சொல்லுங்க" என்று அடக்கிவிட்டார்.

செவலை தின்றது. புல் கட்டுக்குள் மூக்கை நுழைத்து, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு தின்றது. இரண்டு வாரத்தில் இருமல் இறங்கியது. தொழிற்சாலைத் தொட்டியை அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் விடாமல் விசாரித்து, கோத்தகிரிப் பக்கம் பல வருஷமாக மூடிக்கிடக்கும் ஒரு பழைய தொழிற்சாலையைக் கண்டுபிடித்தார். அதன் மாடியில் விசிறி இல்லாத காலத்தில் இலை வாட்டிய சாக்குப் படுதாத் தட்டுகள் அப்படியே இருந்தன. நாலு பக்கமும் ஜன்னலைத் திறந்துவிட்டால் மஞ்சிலும் நாலைந்து நாளில் புல் காய்ந்துவிடும். இன்றைக்கும் என் புல் அங்கேதான் காய்கிறது. ஊட்டியில் குதிரை வைத்திருக்கும் இரண்டு பேர் என்னிடம் வாங்கிப் போகிறார்கள்.

அந்த இரண்டு மூட்டைத் தேயிலையை என்ன செய்தோம் என்கிறீர்களா? குடித்தோம். அவர் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் வருஷக் கணக்கில் அதுதான். வந்த விருந்தாளிகள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் விழிப்பார்கள். "நம்ம மாப்பிள்ளை பிராண்டுங்க" என்பார் அவர், சிரிக்காமல். நல்ல டீ எது என்று ஒரு மலைக்கே சொல்லத் தெரிந்த மனிதர் அதைத் தினம் இரண்டு வேளை குடித்தார். ஒருநாளாவது குறை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

போன மாதம் அவருடைய முதல் வருஷத் திதி. படையலில் வைக்க என் மனைவி அந்த டப்பாவை எடுத்தாள். திறந்து முகர்ந்தவள் அப்படியே நின்றாள். "வாசம் போயிருச்சுங்க" என்றாள். நான் வாங்கிப் பார்த்தேன். போய்த்தான் இருந்தது. வெறும் பழைய தூள். அப்பா இறந்த அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

நான் கொட்டகைக்குப் போனேன். செவலைக்கு வயதாகிவிட்டது, இப்போது பிள்ளைகளை ஏற்றுவதில்லை, ஆனால் மூச்சு சீராக இருக்கிறது. அதன் முன்னால் இருந்த இந்த வருஷத்துப் புல்லில் ஒரு பிடி எடுத்தேன். அது என்னைப் பார்த்துக் காதை மடக்கியது. வீட்டுக்கு வந்து புல்லை மெல்லிய துணியில் முடிந்து டப்பாவுக்குள் வைத்து, நசுங்கிய மூடியை அமுக்கி மூடினேன். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா பாத்திருந்தா உங்களையும் கேட்டுலயே நிறுத்தியிருப்பாங்க" என்றாள்.

நாலாம் நாள் இரண்டு பேருமாகத் திறந்தோம். தேயிலை நன்றாகக் கெட்டுப்போயிருந்தது.