பேய்க்கு வைத்த பூ

பள்ளத்தூரில் எங்கள் வீட்டுக்கு ஒரு பேய்ப்படக் கோஷ்டி வந்து இறங்கியபோது எனக்கு எட்டு வயது. காமிரா, விளக்கு, ஆட்கள் எல்லாம் ஒரே காருக்குள் அடங்கியிருந்தார்கள். இரவில் எடுக்க விளக்கு போதாது என்று நடுராத்திரியைப் பட்டப்பகலிலேயே எடுத்தார்கள். காமிராவுக்கு முன்னால் நீலக் கண்ணாடியை மாட்டிவிட்டு, "இப்ப இருட்டிருச்சு" என்பார் டைரக்டர். பேய்ப்படமாக எடுத்து எடுத்துப் பேயைவிட வெளுத்துப்போன மனிதர்.

பேயாக நடிக்க வேண்டியவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். டைரக்டர் ஓய்ந்துபோய் முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது, வெள்ளைச் சேலையில் எங்கள் அத்தை செம்போடு கடந்து போனாள். அப்பாவின் தங்கை, சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்து எங்களோடு இருந்தவள். டைரக்டர் எழுந்து பெரியப்பாவிடம் கெஞ்சினார்.

"மொகம் தெரியாதுல்ல? அப்பச் சரி. முடிஞ்சதும் வேசத்தக் கலைச்சிரணும்" என்றார் பெரியப்பா.

பேய் என்றால் தலை நிறைய மல்லிகையும் காலில் கொலுசும் வேண்டுமே! அத்தைக்கு அவை ஆகாது. பேய்க்கு ஆகும் என்று பெரியப்பாவே தீர்ப்புச் சொன்னார். அம்மா பூ வைத்துவிட்டாள்.

ஆனால் அத்தைக்கு நடக்கவே வரவில்லை. பாதியில் நின்றாள். தூணில் இடித்துக்கொண்டாள். திரும்பிக் காமிராவைப் பார்த்தாள்.

"கோவிச்சுக்கிறாதீக. இன்னொருக்கா நடந்து பாக்குறேன்" என்றாள் ஒவ்வொரு முறையும்.

"பிலிம் தீரப்போகுதும்மா" என்று டைரக்டர் தலையில் கைவைத்தார்.

எனக்கு மானம் போயிற்று. குறுக்கே ஓடி, "இப்புடி நடங்க அயித்தை!" என்று நடந்து காட்டினேன். அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பிலிம் தீர்ந்தது. அம்மா அத்தையின் தலையிலிருந்து பூவை எடுத்தாள். அத்தை குனிந்து கொலுசோடு வெகுநேரம் மல்லாடினாள். கொக்கி இறுகிவிட்டதாம். நானும் கொலுசு போடுகிறவள்; கொக்கி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. உட்கார்ந்து ஒரே இழுப்பில் கழற்றிவிட்டேன். "இறுகவே இல்லையே அயித்தை!" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

அத்தை செம்பை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள். எங்கும் நிற்காமல், இடிக்காமல், திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். இப்படிக் காமிரா முன்னால் நடந்திருக்கலாமே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.