முட்டை வைத்த பார்சல்

டீச்சரின் கைகள் மாவில் இருந்தன. வறுத்த சிவப்பரிசி மாவில் கொதிநீர் தெளித்து, எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் விளிம்பால் கொத்திக்கொண்டே இருந்தார். மாவு சிறு மணிகளாக உதிர்ந்தது. அவர்கள் ஊர்ப் புட்டுக்கு அப்படித்தான் கொத்த வேண்டுமாம். தினமும் காலையில் இன்சுலின் போட வரும் நர்ஸான நான் ஊசியும் கையுமாக அடுப்படி வாசலில் நின்றேன்.

“கையைக் கழுவுங்க டீச்சர். ஊசி போட்டதும் சாப்பிடணும்.”

“கொஞ்சம் பொறுங்கோ மெட்டில்டா. இது எனக்கில்லை. ஜோனத்தானுக்கு.”

அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான். பேச்சு வந்தால் “மேற்குத் தாம்பரத்தான்” என்பார், யாரோ பக்கத்துத் தெரு ரவுடியைச் சொல்வது போல. ஜோனத்தான் அவருடைய கடைசித் தம்பி.

ஞானஜோதி டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வயதைத் தாண்டிய பிறகு தாயாரை அழைத்துக்கொண்டு சிட்லபாக்கம் வந்து சேர்ந்தார். கணக்கு டியூஷன் எடுத்துத் தாயாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பிகள் இருவர். மூத்தவன் அசரியா, இளையவன் ஜோனத்தான். டீச்சர் ஊரில் இருந்தபோதே இருவரும் படிப்பை விட்டுவிட்டு ஆயுத இயக்கத்துக்குப் போனார்கள். ஆனால் ஒரே இயக்கத்துக்கு அல்ல.

சண்டை அரசாங்கத்தோடு என்றுதான் ஆரம்பத்தில் எல்லோரும் நினைத்தார்கள். எந்தப் பையன்கள் வந்து கேட்டாலும் வீடுகளில் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக் கொடுப்பார்கள். “எந்த இயக்கம் எண்டு கேக்க மாட்டம். பசியோ எண்டுதான் கேக்கிறது” என்று டீச்சர் ஒருமுறை சொன்னார். பிறகு, கேட்டே தீர வேண்டிய காலம் வந்தது. ஜோனத்தானின் இயக்கம் அசரியாவின் இயக்கத்தைத் தடை செய்து, அதிலிருந்த பையன்களைத் தேடித் தேடிச் சுட்டது. ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்தான் சுட்டவர்களும் செத்தவர்களும். அசரியா, மாமாவின் பனந்தோப்பில் ஒளிந்திருந்தான். அது வீட்டாருக்கு மட்டும் தெரியும். சில நாட்களில் அங்கேயே அவனைச் சுட்டுப் போட்டார்கள்.

காட்டிக் கொடுத்தது ஜோனத்தான்தான் என்று டீச்சர் முடிவு கட்டினார்.

அவனும் பின்னால் இயக்கத்தை விட்டு ஓடி, படகில் ஏறி, அக்காவைத் தேடி இங்கே வந்தான். டீச்சர் கேட்டைத் திறக்கவில்லை. அவன் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மேற்குத் தாம்பரத்தில் எலெக்ட்ரிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, உள்ளூர்க் குடும்பத்துப் பெண் சுபத்ராவைக் கட்டிக்கொண்டான். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலையிலும் கோயில் முடிந்து வந்து, டீச்சர் வீட்டு கேட்டில் கேக் பையை மாட்டிவிட்டுச் சற்று நேரம் நிற்பான். கேக் பால்காரருக்குப் போகும்.

“ஓம், நான்தான் எண்டு என்ட வாசல்ல வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். பிறகு பாப்பம்” என்பார் டீச்சர். அவன் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இப்போது அவனுக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டீச்சருக்கு ஊசி போடுவது நான்தான் என்று தெரிந்து சுபத்ரா எனக்குப் போன் செய்தாள். நான் டீச்சரிடம் சொன்னேன். மறுநாள் போனால் இந்தப் புட்டு.

இட்லிப் பானையில் துணி கட்டி அவித்து, பொரித்த மீன் துண்டு வைத்து, வாழையிலையில் பார்சல் கட்டிக் கொடுத்தார். “குடுத்திட்டு, அவன் என்ன சொல்லுறான் எண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ. சாகிறதுக்கு முன்னம் எனக்கு அது தெரியவேணும்.”

சுபத்ரா என்னைப் பார்த்ததும் பேச ஆரம்பித்துவிட்டாள். “வாக்கா. ராத்திரி பூரா தூக்கமில்ல, ஒரே பேஜாரா கீது. கையில இன்னா? நாத்தனார் வூட்டுச் சோறா? அடேங்கப்பா! அந்தம்மா வாசல்ல நான் செருப்புகூட வுட்டதில்ல, அவங்க மீனு மட்டும் என் வூட்டுக்குள்ள வருது பாரு!”

ஜோனத்தானுக்கு வலது பக்கம் விழுந்திருந்தது. வாய் கோணியிருந்தது. பேச்சு இல்லை. ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன், இருமினார். புட்டு போன்ற உதிரியான எதையும் இவருக்குக் கொடுக்கக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும் என்று சுபத்ராவிடம் சொன்னேன். பார்சலைப் பிரித்துக் காட்ட மட்டும் செய்தோம். இடது கையால் இலையைத் தடவினார். “அ... அ...” என்றார். அதற்கு மேல் வரவில்லை.

சுபத்ரா இலையை மடக்கினாள். “நல்லவேளை, மீனு வெச்சாங்க. முட்டை இருந்திருந்தா மூஞ்சியத் திருப்பிகினு இருப்பாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த வூட்டுல முட்டை பொரிக்க வுட்டதில்ல.”

“ஏன்?”

அவள் கணவரைப் பார்த்தாள். “அக்கா காதுக்குப் போவக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிகினாரு. இனிமே இவராலயும் சொல்ல முடியாது. நான் யாருக்காக வாய மூடிகினு கீறது?”

சொன்னாள். அசரியா ஒளிந்திருந்த நாட்களில் ஒருநாள் டீச்சர், ஜோனத்தானின் முகாமுக்கென்று பார்சல்கள் கட்டிக் கொடுத்தார். கூடவே அசரியாவுக்கும் ஒன்று, போகிற வழியில் பனந்தோப்பில் கொடுத்துவிடும்படி. அசரியாவுக்கு மீன் ஆகாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். அதனால் அந்த ஒரு பார்சலில் மட்டும் பொரித்த முட்டை. தோப்பை அடையும் முன்பே இயக்கக் கூட்டாளிகள் எதிர்ப்பட்டு, ஜோனத்தானை நேரே முகாமுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். முகாமில் மூட்டையைப் பிரித்தார்கள்.

“அல்லாருமே அந்த வூட்டுல துன்னவனுங்கதானே! முட்டை யாருக்குன்னு தெரியாதா? ஆளு பக்கத்துலதான் கீறான்னு புரிஞ்சிகினானுங்க. இவரைக் கட்டி வெச்சி அடிச்சானுங்க. இவரு வாயே தொறக்கல. சொந்தக்காரங்க தோட்டம் ஒண்ணுவிடாமத் தேடிக் கண்டுபுடிச்சிட்டானுங்க.”

“இதை டீச்சர்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“நானும் கேட்டேன்க்கா. ‘எங்க அக்கா என்னைத் திட்டிகினாவது உசிரோட கீது. இது தெரிஞ்சா தன்னையே தின்னுக்கும்’னாரு.”

ஜோனத்தான் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். கண்ணோரம் ஈரமாக இருந்தது. பக்கவாதக்காரர்களுக்குக் காரணமில்லாமலும் கண்ணீர் வரும். துடைத்துவிட்டு, அவரை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தேன்.

மாலையில் டீச்சர் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“சாப்பிட்டவனோ?”

“புட்டு விழுங்க முடியாது டீச்சர். புரையேறும்.”

“கதைச்சவனோ?”

“பேச்சு போயிடுச்சு. திரும்ப வருமான்னு சொல்ல முடியாது. சுபத்ராதான் ஒண்ணு சொன்னா. சொல்லவா?”

“சொல்லுங்கோ.”

கேட்டது கேட்டபடி சொன்னேன். பாதியில் நிறுத்தினால் மீதியை அவராகவே கற்பனை செய்துகொள்வார், அது இன்னும் மோசமாக இருக்கும். அவர் அழவில்லை. “வெங்காயம் வெட்டிப் போட்டுப் பொரிச்சனான்” என்றார். “அவனுக்கு அப்பிடித்தான் பிடிக்கும்.”

“சுட்டது முட்டை இல்ல டீச்சர்.”

“அது எனக்கும் தெரியும். சுட்டவங்களை விட்டிட்டு, நான் இவ்வளவு காலம் தம்பியை எல்லோ பிடிச்சுக்கொண்டு நிண்டனான்.” பிறகு கோபமாக, “விசரன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்” என்றார்.

சர்க்கரை பார்த்தேன். ஏறியிருந்தது. மாத்திரையையும் கோதுமைக் கஞ்சியையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை நான் போனபோது டீச்சர் கோயிலுக்கு உடுத்தும் வெள்ளைப் புடவையில் இருந்தார். அரிசியைக் குழைய வேகவைத்து, முள் எடுத்த மீனோடு மிக்ஸியில் அரைத்து, ஸ்பூனிலிருந்து வழியாத அளவுக்குக் கெட்டியாகக் கஞ்சி வைத்திருந்தார். “இந்தப் பதம் சரியோ?” என்றார். சரி என்றேன். டீச்சரால் மூட்டு வலியோடு ரயில் பாதை நடைபாலத்தில் ஏறி இறங்க முடியாது என்பதால் ஆட்டோ பிடித்து, சுற்றிக்கொண்டு மேற்குத் தாம்பரம் போனோம்.

சுபத்ரா வாசலில் நின்றாள். எங்களைக் கண்டதும் ஓரமாக ஒதுங்கி வழி விட்டாள். டீச்சர் அவள் செருப்புக்குப் பக்கத்தில் தன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஜோனத்தானை நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, இடது பக்கமாக ஊட்ட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். டீச்சர் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு ஸ்பூன் கொடுத்து, தொண்டை ஏறி இறங்கும்வரை பார்த்திருந்து அடுத்ததைக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் ஜோனத்தான் களைத்து வாயை மூடிக்கொண்டார். கிண்ணத்தில் பாதி மிச்சம் இருந்தது. டீச்சர் தன் முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டு, எழுந்து போய்க் கிண்ணத்தைக் கழுவினார்.