மாவலிவரத்துப் பசுவும் ஒரு பம்பு வாஷரும்

1. பம்பு இழுக்கவில்லை

கோவளத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம். படகை ஓட்டுகிற சாரங்கு கால் பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தண்ணி ஏறுது தொரை" என்றான். எந்தப் படகிலும் கொஞ்சம் கசியத்தான் செய்யும், பம்பு அடித்தால் போய்விடும். படகு வேலை பார்க்கிற கலாசி ஒருவன் போய்ப் பம்பு அடித்தான். பிடி கொளகொளவென்று மேலும் கீழும் போனது. அடித்தான், அடித்தான், புஸ் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அந்தப் பம்புக்கு முந்தின நாள் தோல் வாஷர் மாட்டியவன் நான்.

என் பெயர் தேவசகாயம். ஆம்பூரில் தோல் பதனிடுகிற காதர் சாயபுவின் டேனரியில் சுண்ணாம்புக் குழி பார்த்தேன், பிறகு மேஸ்திரியானேன், பல் விழுகிற வரைக்கும் அங்கேயேதான் இருந்தேன். தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் தோல் பக்குவம் கேட்பார்கள். பக்குவம் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். நான் செய்த இரண்டு தப்பை நான்தான் சொல்ல முடியும். அதனால் அதை எழுதுகிறேன்.

தோல்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கள் சரக்கை வாங்குகிற துரை ஒருவர் மெட்ராஸில் சொந்தமாக ஒரு பாய்ப் படகு வைத்திருந்தார். வெள்ளை வெளேரென்று இருக்கும். மீன் பிடிக்க இல்லை, சரக்கு ஏற்ற இல்லை, சும்மா போய் வருவதற்கென்றே ஒரு படகு! அவருடைய சம்சாரத்துக்கு, அதாவது துரைசானிக்கு, கடலோரத்தில் இடிந்த கோயில், பாழடைந்த கோட்டை எது இருந்தாலும் சோறு தண்ணி வேண்டாம். பென்சிலும் நோட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அந்த மாசி மாதம் மாவலிவரம், அதாவது மகாபலிபுரம், போக ஏற்பாடு. துடுப்புக்கும் பாய்மரத்துக்கும் உரசுகிற இடங்களில் தோல் கட்ட வேண்டும், பம்புக்கு வாஷர் மாற்ற வேண்டும், கை தெரிந்த ஆள் ஒருவன் வேண்டும் என்று துரை சாயபுவுக்குக் கடிதம் போட்டார். துரைசானிக்குத் துணையாக ஒரு பெண்பிள்ளை வந்தால் நல்லது என்றும் எழுதியிருந்தார்.

சாயபு என்னைக் கூப்பிட்டார். "அரே தேவசகாயம், நீ போய்ட்டு வாப்பா. லீதியாளயும் கூட்டிக்க. பாவம், நாலு மாசமா ஊட்டுக்குள்ளயே கெடக்குது. கொஞ்சம் காத்து மாறட்டும்."

2. நாலு மாசத்துக்கு முன்னால்

லீதியாள் என் மனைவி. எங்கள் டேனரியிலேயே தோலைப் பதப்படுத்த ஆவாரம் பட்டை இடிக்கிற கொட்டகையில் வேலை செய்தவள். எங்களுக்கு ஒரே ஒரு பெண் குழந்தை, மேரி. மூன்று வயது முடியவில்லை.

ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து, குழந்தைக்குக் காய்ச்சல் ஜாஸ்தியாக இருக்கிறது, லீதியாள் உடனே வரச் சொன்னாள் என்றார். அன்றைக்கு என் குழியிலிருந்து தோலை எடுத்தாக வேண்டும். சுண்ணாம்பில் ஒரு பொழுது அதிகம் ஊறினாலும் தோல் தளர்ந்துவிடும், பிறகு எந்தப் பட்டை போட்டாலும் தேறாது. "மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்னு சொல்லுங்க" என்றேன். சாதாக் காய்ச்சல்தானே என்று நினைத்தேன். வேலை இழுத்துக்கொண்டே போய்விட்டது. நான் வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். பிள்ளை போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

"ஏன்யா வரல?" என்று லீதியாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சாயபு உடலம்மா" என்றேன்.

அது பொய். சாயபு மாடியில்தான் இருந்தார். நான் போய்க் கேட்கவே இல்லை.

அடக்கம் முடிந்து சில நாளில் அவள் பேச்சு அடியோடு நின்றுபோனது. சோறு போடுவாள், துணி துவைப்பாள், கேட்டால் "ம்" என்பாள். துக்கம், போகப்போக ஆறும் என்று நான் இருந்தேன். மெட்ராஸ் கிளம்புகிற அன்றைக்கு, "திரும்பி வர்றப்ப காட்பாடில எறங்கி அணைக்கட்டு ஊருல இருக்கற எங்க அம்மா ஊட்டுக்குப் போறேன். கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேன்" என்றாள். மூட்டையைப் பார்த்தேன். கல்யாணப் புடவை இருந்தது. பைபிள் இருந்தது. மேரியின் கவுன் இரண்டு இருந்தது. கொஞ்ச நாளைக்குப் போகிறவர்கள் அதையெல்லாம் எடுத்துப் போக மாட்டார்கள். ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் கேட்கத் தெரியாதவன் ஆயிற்றே.

3. பழி யார் மேல்

படகுக்கு வருவோம். பம்பைக் கழற்றினேன். கிண்ணம் போல மடித்த வாஷர் சுற்றிலும் ஒரு நெல் அகலத்துக்குச் சுருங்கிக் கிடந்தது. பார்த்ததும் புரிந்துவிட்டது. ஈரத் தோலை அச்சில் வைத்துக் கட்டினால் அச்சிலேயே காய வேண்டும். அப்புறம்தான் அளவுக்கு வெட்டி எண்ணெயில் ஊறப் போடுவது. எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஈரமாகவே உருவி, வெட்டி, பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வெட்டின பிறகு காய்ந்து சுருங்கிவிட்டது. டேனரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்கிற விஷயம் இது.

கலாசிகள் வாளியில் அள்ளி அள்ளி ஊற்றினார்கள். துரையின் முகம் சிவந்துவிட்டது. "இது என்ன தோல்? யார் தப்பு?" என்றார்.

"பட்டை சரியில்லீங்க தொரை. இந்த வாட்டி வந்த பட்டையே மட்டம்" என்றேன்.

"உங்க டேனரி பட்டை மட்டம்னா, நான் ஏன் உங்க டேனரில தோல் வாங்கணும்? சாயபுவுக்கு எழுதறேன்" என்றார் துரை.

துரைசானி பக்கத்தில் உட்கார்ந்திருந்த லீதியாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை. பிறகு எழுந்து வந்தாள். ஆடுகிற படகில் பாய்மரத்தைப் பிடித்து நின்றுகொண்டு, "இப்பிடிக் குடு" என்று வாஷரை வாங்கினாள். டீக்குச் சுட வைத்திருந்த தண்ணீரை வெதுவெதுப்பாகக் கலந்து அதில் ஊறப் போட்டாள். ஊறியதும் எடுத்து முழங்காலில் வைத்துக் கட்டை விரலால் ஓரத்தை இழுத்து இழுத்து விட்டாள். தலைக்குத் தடவக் கொண்டுவந்திருந்த விளக்கெண்ணெய் முழுக்க அதிலேயே ஊற்றிப் பிசைந்தாள். பட்டை இடிக்கிற கொட்டகையில் இருந்தவள், எங்கள் வேலை எல்லாவற்றையும் பார்த்தே கற்றிருக்கிறாள்.

மாட்டினேன். நாலாவது அடியில் தண்ணீர் குபுக்கென்று வந்தது. கலாசி, "அடி சக்கை!" என்று கத்தினான். லீதியாள் யார் முகத்தையும் பார்க்காமல் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

4. மாவலிவரம்

படகு கரைக்கு வர முடியாது, அலை புரட்டிவிடும். நங்கூரம் போட்டுவிட்டு மீனவர்களின் படகில் கரை சேர்ந்தோம். ஈர மணலில் நடந்து போனால் கடலை ஒட்டி அந்தக் கோயில் நிற்கிறது. உப்புக் காற்று சாமிகளின் மூக்கையும் வாயையும் தடவித் தடவி அழித்துவிட்டிருக்கிறது. நாங்கள் தோல் கெடாமல் இருக்க உப்புப் போடுகிறவர்கள். அதே உப்பு கல்லைத் தின்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். துரைசானி அங்கேயே குடையை விரித்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டார். "நீங்க போய் சுத்திப் பாருங்க" என்று கையைக் காட்டினார்.

கொஞ்சம் உள்ளே போனால் ஒரு கல் மண்டபம். சுவரில் ஒரு பசு செதுக்கியிருக்கிறார்கள். ஒருவன் உட்கார்ந்து பால் கறக்கிறான், பசு கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. லீதியாள் அதன் முன்னால் நின்றவள் நகரவே இல்லை.

பேச ஏதாவது வேண்டுமே என்று நான், "நல்ல தோலு பாரு. உண்ணிக்கடி இல்ல, சூட்டுத் தழும்பு இல்ல. மொத தரம்" என்றேன். எவ்வளவு பெரிய முட்டாள் பாருங்கள்.

"மாட்டப் பாத்தா ஒனக்குத் தோலுதான் தெரியுமா?" என்றாள். "கன்னு நிக்குதே, அது தெரியல?"

நான் அப்போதுதான் கன்றைப் பார்த்தேன்.

"மூணு வாட்டி கேட்டாய்யா. அப்பா எங்கம்மா, அப்பா எங்கம்மான்னு. தோ வந்துடுவாரு, தோ வந்துடுவாருன்னு நான் வாசலயே பாத்துட்டு இருந்தேன்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "சாயபு உடலன்னு சொன்னது பொய்யி லீதியா. நான் கேக்கவே இல்ல. கேட்டிருந்தா உட்டிருப்பாரு. குழிதான் பெருசுன்னு இருந்துட்டேன்" என்றேன். அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது, வாய்விட்டே அழுதேன்.

"தெரியும்" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன்.

"அடக்கம் பண்ண மூணா நாளு சாயபு ஊட்டுக்கு வந்தாரு. நீ இல்ல. ஒரு வார்த்த கேட்டிருந்தா ஓடுடான்னு வெரட்டியிருப்பேனேம்மான்னு கண்ணு கலங்கினாரு. அந்த மனுசனுக்கு நான் இன்னா இன்னா சாபம் உட்டிருந்தேன் தெரியுமா? அன்னிலேர்ந்து பாக்கறேன், நீயா வாயத் தொறந்து சொல்றியான்னு. இன்னிக்கிப் படகுல மறுபடியும் அவரு பட்டை மேலயே பழி போட்ட. சரி, இந்த ஆளு இவ்ளோதான்னு உட்டுட்டேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அந்தக் கல் கன்றின் முதுகை ஒரு தடவை தடவினாள்.

"எழுந்திரு. போய் தொரை கிட்டயும் சொல்லு."

போனேன். "தொரை, பட்டை நல்ல பட்டைங்க. ஈரத்தோட வெட்டினது நானுங்க. சாயபு மேல தப்பில்லீங்க" என்றேன்.

"ஏன் அப்பவே சொல்லலே?" என்றார் துரை.

"பயந்துங்க."

"வாஷர் சரி பண்ணினது உன் சம்சாரம்தானே? இனிமே அவங்களைக் கேட்டுத் தோல் வாங்கறேன்" என்றார். துரைசானி நோட்டிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தார். சாயபுவுக்குக் கடிதம் ஒன்றும் போகவில்லை.

5. காட்பாடி

திரும்பி ஆம்பூருக்கு ரயில் ஏறினோம். அரக்கோணம் தாண்டியதிலிருந்து எனக்குக் காட்பாடி நினைப்புத்தான். வண்டி நின்றது. ஜனம் இறங்கியது, ஏறியது. அவள் காலடியில் மூட்டை அப்படியே இருந்தது.

"எறங்கலியா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டேன், இந்தத் தடவை.

அவள் வெளியே பார்த்துக்கொண்டே, "செம்ப எடுத்துட்டுப் போய் தண்ணி புடிச்சிட்டு வா. ஆம்பூர் போற வரைக்கும் தாங்காது" என்றாள்.

நான் ஓடின ஓட்டத்தில் பாதித் தண்ணீர் வழியிலேயே கொட்டிப்போனது.

6. பிள்ளைகளுக்கு

பிறகு நான் மேஸ்திரி ஆனேன். வீட்டில் சரியில்லை என்று எவன் வந்து நின்றாலும், என்ன ஏது என்று விசாரித்ததில்லை. "போ, ஓடு, குழிய நான் பாத்துக்கறேன்" என்பேன். ஒரு தடவை குழந்தைக்குக் காய்ச்சல் என்று வந்தவனை அப்படி அனுப்பிவிட்டு ஒரு குழித் தோலே வீணாகிவிட்டது. நேராக மாடிக்குப் போய், "நான்தான் அனுப்பினேன், தப்பு என்னுது" என்றேன். சாயபு தாடியைத் தடவிக்கொண்டு, "கொழந்த எப்பிடி இருக்குது?" என்றார். தேறிவிட்டது என்றேன். "அப்ப போப்பா, போய் வேலயப் பாரு" என்றார்.

அதனால் பிள்ளைகளே, போய்க் கேட்டுவிடுங்கள். முதலாளி மாட்டேன் என்று சொன்னால் அந்தப் பாவம் அவரோடு போகும். கேட்காமல் இருந்துவிட்டால் அது உங்களோடு வீட்டுக்கு வரும்.

இதை எழுதி லீதியாளுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டாள். "எல்லாம் சரி. மேரி கவுன் ரெண்டுன்னு எழுதியிருக்க. மொத்தம் மூணு. ஒண்ணு மூட்டைல வெக்கல, ஒன் தலகாணிக்கு அடியில உட்டுட்டு வந்தேன்" என்றாள்.

எனக்குத் தெரியும். அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.