சேனை வைத்தது யார்?

துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவர்களுக்குக்கூட ஷிஃப்ட் உண்டு. பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவளுக்கு அது கிடையாது. நான் தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சி ஆபீஸில் வேலை பார்க்கிறவள். எந்தக் கன்டெய்னர் எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று கண்டுபிடித்து நகர்த்திவிடுவதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவள், பிரசவ லீவில் புன்னைக்காயலில் மாமியார் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, மடியில் கிடக்கிற ஒரு சின்னப் பெண் ஏன் பால் குடிக்க மாட்டேன் என்கிறாள் என்று தெரியாமல் முழித்தேன். அவளுக்குப் பசி இருந்தது. எனக்குப் பால் இருந்தது. நடுவில் என்ன தகராறு என்றுதான் புரியவில்லை. ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் போனுமாக இதை வாசிக்கிற என் இனத்து மக்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

சர்க்கரைத் தண்ணீர்

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்ததும் யாராவது ஒருவர் சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு அதன் நாக்கில் வைப்பார்கள். அதற்குச் சேனை என்று பெயர். சேனை வைத்தவரின் குணம் அப்படியே பிள்ளைக்கு வரும் என்பது ஊர் நம்பிக்கை. தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டும் வாயில் வைக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து வைத்துவிட்டார்கள். வைத்தது என் வீட்டுக்காரரின் அக்கா, ரோஸ்லின் மைனி. டீச்சர், பொறுமைசாலி, அதிர்ந்து பேச மாட்டாள். அதனால்தான் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவளிடம் ஒரே குறை, சாப்பிட உட்கார்ந்தால் நாங்கள் கைகழுவி எழுந்தபிறகும் பாதித் தட்டில்தான் இருப்பாள்.

பாப்பா வாயை வைப்பாள், நழுவுவாள், அழுவாள், அசந்து தூங்குவாள், உடனே எழுந்து திரும்பவும் அழுவாள். எனக்கோ மார்பெல்லாம் புண். அவள் அழ ஆரம்பித்தாலே ரவிக்கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் முதலில் கேட்டது சேனை வைத்தது யார் என்றுதான். மாமி, அதாவது என் மாமியார், உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து வைத்திருப்பவள், இதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. மாமியின் தங்கச்சிதான் தீர்ப்புச் சொன்னாள். அடுக்களையில் மைனி நிற்பதை அவள் கவனிக்கவில்லை.

"சோத்தைக் கொறிக்கவ சேனை வச்சா பிள்ள பாலைக் கொறிக்கத்தான் செய்யும்."

ஞானத்தாய்

பாப்பாவின் ஞானஸ்நானத்துக்கு மைனிதான் பிள்ளையைக் கையில் தாங்கி ஞானத்தாயாக நிற்பதாக இருந்தது. அன்றைக்குப் பிறகு அவள் வீட்டுப் பக்கமே வரவில்லை. பிள்ளைக்கு ஆண்டவன் அருளால் எல்லாம் சரியாகிவிடும், நீங்கள் வாங்க மைனி, இதெல்லாம் முட்டாள்தனம் என்று போனில் கெஞ்சினேன். ஆனால் அன்று முழுக்க அழுகுரல் கேட்டுக் கேட்டு என் குரலிலேயே தெம்பு இல்லை. எனக்கே அதில் எவ்வளவு நம்பிக்கை என்று தெரியவில்லை. அவள் இவ்வளவுதான் சொன்னாள்.

"வேற ஆளப் பாருங்க. எங்கையால இனி அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் வேண்டாம்."

பால்சுறா

பால் பத்தவில்லை என்றால் எங்கள் ஊரில் கேள்வியே கிடையாது, பால்சுறாப் புட்டுதான். வள்ளம் கரைக்கு வந்தால் யாராவது ஒருத்தி பால்சுறாவோடு வாசலில் நிற்பாள். பூண்டு உரித்தே மாமிக்கு விரல் எரிந்தது. நான் தின்றேன். காலையிலும் தின்றேன், மத்தியானமும் தின்றேன். பால் கட்டிக்கொண்டு ரவிக்கை நனைந்து, காய்ச்சலே வந்துவிட்டது. பாப்பா மட்டும் காய்ந்த வாயோடு கிடந்தாள். பீய்ச்சிச் சங்கில் ஊற்றினால் மடமடவென்று விழுங்கினாள். என்னிடம் நேராகக் குடிக்கச் சொன்னால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். என் பிள்ளைக்கே என்னைப் பிடிக்கவில்லையோ என்று உட்கார்ந்து அழுதேன். பக்கத்து வீட்டு மரியதங்கம் காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு போகும்போது சொன்னாள்.

"ஏளா, இவ்வளவு சுறா தின்ன பொறவும் பிள்ள குடிக்கலன்னா கோளாறு மீன்ல இல்ல பாத்துக்கோ."

கப்பலிலிருந்து ஒரு நிபுணர்

என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் ஆள். சிக்னல் கிடைக்கிற இடத்திலிருந்தெல்லாம் வீடியோக்களாக அனுப்பித் தள்ளினார். ஒன்றில் பிள்ளையைப் படுக்க வைத்துக் கொடு என்கிறாள் ஒருத்தி, அடுத்ததில் படுக்கவே வைக்காதே என்கிறாள் இன்னொருத்தி. நேரம் பார்த்துக் கொடு, நேரமே பார்க்காதே. எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள், அதுதான் ஆத்திரமாக வந்தது. வீடியோ காலில் அவரைக் கிழி கிழி என்று கிழித்தேன். பால் வருகிறது, பிள்ளைக்கு ஆசையும் இருக்கிறது, ஆனால் உள்ளே போகவில்லை, இதற்கு உங்கள் கப்பலில் என்ன பெயர் என்று கேட்டேன். மனுஷன் நிஜமாகவே யோசித்தார்.

"டேங்க் நெறஞ்சிருக்கு, பம்பும் ஓடுது, தண்ணி போகலன்னா நாங்க வால்வத் தொறந்து பாப்போம். நீங்க யாராவது அவ வாயத் தொறந்து பாத்தீங்களா?"

மூன்று டாக்டர்கள்

யாரும் பார்க்கவில்லை. முதல் டாக்டர் பாப்பாவை எடை போட்டுவிட்டு, ஏறவே இல்லை, பவுடர் பால் சேருங்கள் என்றார். வாயைப் பார்க்கச் சொன்னதற்கு, வாய்க்கென்ன, நன்றாகத்தானே அழுகிறது என்றார். இரண்டாவது டாக்டர் டார்ச் அடித்து நாக்கைத் தூக்கிப் பார்த்தார். அடியில் ஒரு சவ்வு நாக்கின் நுனிவரைக்கும் வந்து கீழே பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நாக்கு ஒட்டு, இன்றைக்கே வெட்டிவிடலாம் என்றார். நான் பயந்துபோய் மூன்றாவது டாக்டரிடம் ஓடினேன். இது எத்தனையோ பிள்ளைகளுக்கு இருக்கிறது, பாதிப் பேருக்கு ஒன்றுமே செய்ய வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரியில் பால் கொடுக்கச் சொல்லித்தருகிற நர்ஸ் இருக்கிறார், முதலில் அவர் பார்க்கட்டும் என்றார்.

மூன்று பேரும் படித்தவர்கள், மூன்று பேரும் நல்லவர்கள். யார் சொன்னதைக் கேட்டால் என் பிள்ளை தேறும், யார் சொன்னதைக் கேட்டால் வீணாக அவளுக்கு ரத்தம் பார்ப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. ரோட்டில் நின்று அழுதுகொண்டிருந்தேன். ஆட்டோக்காரர் பாவம், ரொம்ப நேரம் பொறுத்திருந்தார்.

"அடுத்த டாக்டர்ட்ட விடணுமா, வீட்டுக்கு விடணுமா? அதையாவது தெளிவாச் சொல்லுங்கக்கா."

நீட்ட முடியாத நாக்கு

நர்ஸிடம் போக ஒரு துணை வேண்டும். மாமி யாரிடமும் சொல்லாமல் மைனிக்குப் போன் போட்டிருக்கிறாள். மைனி வந்தாள், பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். நர்ஸ் செய்த முதல் வேலை, ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பாப்பா குடிப்பதை முழுசாகப் பார்த்ததுதான். அதுவரை எல்லாரும் பிள்ளையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், குடிப்பதை யாரும் பார்க்கவில்லை. பிள்ளையைப் பிடிக்கிற விதத்தை மாற்றிக் கொடுத்தார், கொஞ்சம் வலி குறைந்தது. உறை போட்ட விரலை அவள் வாயில் வைத்து, நாக்கு முன்னால் வரவில்லை, மேலேயும் எழவில்லை, அதனால்தான் பிடி நழுவுகிறது என்றார். ஒட்டு இருக்கிற எல்லாருக்கும் வெட்ட வேண்டாம், குடிக்க முடியவில்லை என்றால்தான் வெட்டுவது, இவளுக்குப் பிடியை மாற்றியும் பத்தவில்லை, டாக்டரிடம் சொல்கிறேன் என்றார். அவ்வளவு நாளில் அன்றைக்குத்தான் எனக்கு ஒரு முழு வாக்கியம் புரிந்தது.

இது சில குடும்பங்களில் வருவதுண்டு, உங்கள் வீட்டில் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லவே இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள், மைனி எழுந்து வந்து வாயைத் திறந்து நாக்கை நீட்டினாள். அது கீழ்ப் பல்லைத் தாண்டவில்லை. சின்ன வயதில் புதுநன்மைக்கு, அதாவது முதல் தடவை நற்கருணை அப்பத்தை நாக்கில் வாங்குவதற்குப் பழக்கும்போது, கோயிலில் சிஸ்டர் நாக்கை நீட்டு நீட்டு என்று திட்டித் தனியாக நிற்க வைத்தாராம், திமிர் பிடித்தவள் என்றாராம். அதிலிருந்து நற்கருணையைக் கையில்தான் வாங்குகிறாள். நர்ஸ் டார்ச் அடித்துப் பார்த்துத் தலையை ஆட்டியதும் மைனிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எல்லாருக்கும் இவ்வளவுதான் வரும், நாந்தான் சரியா நீட்டலன்னு இத்தன வருசமா நெனச்சிட்டு இருந்தேன்."

மாமி

டாக்டர் அந்தச் சவ்வை வெட்டியது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. கையோடு பாப்பாவை என்னிடம் கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார்கள். மாயமந்திரம் ஒன்றும் நடக்கவில்லை. அவளும் பழக வேண்டியிருந்தது, நானும் பழக வேண்டியிருந்தது, சங்கும் கொஞ்ச காலம் கூடவே இருந்தது. பிறகு ஒரு காலையில் அவள் தொண்டையில் களக் களக் என்று சத்தம் கேட்டது. வீட்டில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு அதைக் கேட்டோம்.

ஊருக்கு விஷயம் போய்ச் சேர்ந்தது. பாத்தியா, சேனை வச்சவ நாக்கே பிள்ளைக்கு வந்திருக்கு என்றார்கள். பிள்ளை பிறக்கும்போதே நாக்கு அப்படித்தான் இருந்தது, சேனை அதற்குப் பிறகுதான் என்று தெருத் தெருவாக விளக்கினேன். எல்லாரும் ஆமாம் என்று கேட்டுக்கொண்டு, முதலில் சொன்னதையே திரும்பச் சொன்னார்கள். ஞானஸ்நானத்தில் மைனிதான் பாப்பாவைத் தாங்கி நின்றாள்.

அன்று சாயங்காலம் விருந்து முடிந்து நான் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைனியும் கைப்பிள்ளையில் இப்படியே அழுதாளாம், குடிக்கவே இல்லையாம். தாய்க்குப் பால் கெட்டுப்போச்சு, பிள்ளைக்கு ஆகாது என்று பெரியவர்கள் சொல்ல, மாமி அன்றோடு நிறுத்திவிட்டு மாட்டுப்பாலுக்கு மாறியிருக்கிறாள். அடுத்துப் பிறந்த என் வீட்டுக்காரருக்கும் அந்தப் பயத்தில் கொடுக்கவே இல்லையாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, என்னிடம் அனுமதி கேட்கிறவள் மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"அப்பம் எம்பாலு நல்ல பாலுதானாளா?"

பரம்பரை என்கிறார் நர்ஸ், சேனை என்கிறது ஊர், வால்வு என்கிறார் என் வீட்டுக்காரர், நான் மூன்றுக்கும் தலையாட்டிவிட்டுப் பாப்பாவை அடுத்த பக்கம் மாற்றிப் போட்டுக்கொள்கிறேன்.