கத்தரிக்காய் வைத்துப் பார்த்த கல்

எனக்குப் பச்சையில் பதினோரு பச்சை தெரியும். இதைச் சொன்னால் என் மகள் சிரிப்பாள். ஆனால் போடி பஜாரில் முப்பது வருஷமாக ஏலக்காய் வாங்கி விற்கிறவனுக்கு இது சிரிக்கிற விஷயம் இல்லை. மலையிலிருந்து வரும் காயைத் தட்டில் கொட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை சாய்த்துப் பார்த்தால் போதும். எது காயவைக்கும்போது சூடு கூடிப்போனது, எது வெயில் பட்டு வெளுத்தது, எது மூட்டையிலேயே மாதக்கணக்கில் கிடந்தது என்று சொல்லிவிடுவேன். சொந்தத்தில் யாருக்காவது கல்யாணப் புடவை எடுக்க வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் எங்கள் வீட்டைப் புதுப்பிக்கிற வேலை வந்தபோது, கல்லும் வண்ணமும் என் பொறுப்பு என்று நானே முடிவு செய்துகொண்டேன். என் மனைவியிடம் கேட்டதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான்.

முதலில் அடுப்படி. பழைய கடப்பாக்கல் மேடை நடுவில் விரிசல் விட்டு, அந்த விரிசலில் எறும்பு குடியிருந்தது. இரண்டு பேரும் தேனி ரோட்டில் இருக்கும் ஒரு கிரானைட் கடைக்குப் போனோம். போகிற வழியில் அவள் காய்கறி வாங்கிக்கொண்டாள். கடையில் பெரிய பெரிய பலகைகளைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். மேஜைமேல் சின்னத் துண்டுகளைப் பரப்பியிருந்தார்கள். கருப்பைப் பார்த்தவுடனே என் மனசு அதிலேயே நின்றுவிட்டது. முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு.

அவள் பையில் கையை விட்டு ஒரு கத்தரிக்காயை எடுத்தாள். அதைக் கருப்புத் துண்டின்மேல் வைத்தாள். ஓர் எட்டு பின்னால் போய் நின்று பார்த்தாள். எடுத்துப் பழுப்பின்மேல் வைத்தாள். பிறகு சாம்பல், பிறகு புள்ளி போட்ட சிவப்பு. கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னக்கா, கல்லுக்கும் கத்தரிக்காய்க்கும் பொருத்தம் பாக்குறீகளா? ஜாதகத்தையும் கொண்டாந்திருக்கலாமே" என்றார்.

"இதுமேல வச்சு நறுக்கப்போறது இதத்தானே தம்பி? அப்ப இத வச்சுத்தான் பாக்கணும்" என்றாள் அவள்.

கடைசியில் ஒரு வெள்ளைக் கல்லில் போய் நின்றாள். அதிலும் பளபளப்பு ஏற்றாத, மங்கலான வெள்ளை. "இதுதான். சுத்தி ஓரத்துக்கு மட்டும் கருப்புப் பட்டி வையுங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மஞ்சள் தூளும் புளியும் புழங்குகிற இடத்தில் வெள்ளைக் கல்லா? எங்கள் தெருவில் கல் மாற்றிய வீடெல்லாம் கருப்புதான் போட்டிருக்கிறார்கள். அதைவிட அந்தக் கருப்பு ஓரம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

"கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கணக்கா இருக்கும். நடுவுல ஒன் போட்டாவையும் ஒட்டிரலாமா?" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "ஓரம் கருப்பா இருக்கப்போயித்தான் அந்தப் போஸ்டரு பஸ்ஸுல போறவுக கண்ணுக்குக்கூடத் தெரியுது" என்றாள்.

அந்தப் பதிலின் அர்த்தத்தை நான் அப்போதே பிடித்திருக்க வேண்டும். பிடிபடவில்லை. நல்ல வாய் இவளுக்கு என்று ரசித்துவிட்டு வந்துவிட்டேன்.

வண்ணத்திலும் இதே கதைதான். பெயிண்ட் கடையிலிருந்து ஷேடு கார்டு வாங்கி வந்து கொடுத்தேன். நான் வைத்திருந்த திட்டம், வீடு முழுக்க இளம் சந்தனம், கதவு நிலைக்கும் அதே குடும்பத்தில் கொஞ்சம் அழுத்தமான நிறம். பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக, ஒன்றோடு ஒன்று கரைந்து நிற்க வேண்டும். அவள் கார்டை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோய், மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். சுவருக்கு வெள்ளை, கதவு நிலைக்குக் கெட்டியான நீலம், ஸ்விட்ச் போர்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு அதே நீலம், குளியலறைப் படி விளிம்பில் மஞ்சள் கோடு என்று வரிசையாகச் சொன்னாள்.

"வீடா, பால்வாடியா? படியில மஞ்சக்கோடு போட்டா வேகத்தடைன்னு நெனச்சு எல்லாரும் பிரேக் போடுவாக" என்றேன். சிரித்தாள். ஆனால் சொன்னதிலிருந்து இறங்கி வரவில்லை. சரி சரி, பார்க்கலாம் என்று பேச்சை முடித்தேன். வியாபாரத்தில் "பார்க்கலாம்" என்று நான் சொன்னால் முடியாது என்று அர்த்தம். இது அவளுக்கும் தெரியும்.

கத்தரிக்காய்க் கதையைப் பஜாரில் நான் சொல்லாத ஆள் கிடையாது. எத்தனை தடவை சொன்னாலும் சிரிப்பு வந்தது. சொல்லச் சொல்லக் கதை வளர்ந்து, கடைசியில் முருங்கைக்காயும் பூசணிக்காயும்கூட உள்ளே வந்துவிட்டன. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அந்த மாதமே காமயகவுண்டன்பட்டியில் அவள் தம்பி மகளுக்கு வளைகாப்பு வந்தது. இரண்டு நாள் போய்விட்டு வருவதாகச் சொல்லிப் போனாள். அவள் பஸ் ஏறியதும் மேஸ்திரிக்கு போன் போட்டுக் கருப்புக் கல்லை இறக்கச் சொன்னேன். திருட்டுத்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. வந்து பார்த்தால் வாயடைத்துப்போவாள், நமக்குத்தான் தெரியவில்லை, இவர் கண் வேறு கண் என்று சொல்லிக்கொள்வாள் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் மாலை அடுப்பையும் தூக்கி வைத்துப் பார்த்தேன். அடுப்பின் மேல்பக்கமும் கருப்புக் கண்ணாடி. எது அடுப்பு, எது கல் என்று தெரியாதபடி இரண்டும் ஒன்றாகிப்போயின. அதுதான் அழகு என்று மேஸ்திரியிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவள் ஒரு பை நிறைய திராட்சையோடு வந்தாள். பையைத் தரையில் வைத்துவிட்டு மேடையில் கையை வைத்தாள். ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனாள். அடுப்பில் கை முட்டியதும் நின்றாள்.

"நல்லா வழுவழுன்னு இருக்கு" என்றாள். அவ்வளவுதான். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை நடந்துவிட்டு வந்து காபிக்கு அடுப்படிக்குள் போனேன். மேடையின் முன்பக்க விளிம்பு நெடுக வெள்ளையாகக் கோலமாவு. அடுப்பைச் சுற்றியும் ஒரு கோடு. சிந்திவிட்டது போல என்று ஈரத்துணியை எடுத்துத் துடைத்து, கல்லைப் பளபளவென்று ஆக்கினேன். அடுத்த நாளும் அதே கோடு. எனக்குச் சுரீரென்றது.

"கோலத்த வாசல்ல போடாம இங்கன எதுக்குப் போட்டுக்கிட்டிருக்க?"

"எறும்பு வருது."

"மாவத் தூவி வச்சா எறும்பு வராம என்ன செய்யும்? விருந்துல்ல வச்சிருக்க!"

நான் மறுபடியும் துடைத்தேன்.

மூன்றாம் நாள் மழை தூறியதால் நடையைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினேன். அடுப்படி வாசலுக்கு வந்தவன் அப்படியே நின்றேன். அவள் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். மாவுக் கோட்டின்மேல் இடது கை விரலை வைத்துக்கொண்டு, அந்த விரலுக்கு உள்பக்கமாகப் பால் பாத்திரத்தை இறக்கி வைத்தாள். பிறகு எதையோ தேடினாள். படுக்கை விரிப்பைச் சரிசெய்வதுபோல் வலது கை கல்லின்மேல் போய்ப்போய் வந்தது. அவள் தேடிய ஐந்து கத்தரிக்காயும் சுவரோரமாக, அவள் கைக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தன. வாசலில் நின்ற எனக்கே பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில் நின்ற அவளுக்குத் தெரியவில்லை.

ஒவ்வொன்றாக நினைவில் வந்து நின்றது. சித்திரையில் வீட்டுக்கு என்று ஏலக்காய் பொறுக்கும்போது வெளுத்த காயை நல்லதோடு சேர்த்துவிட்டாள் என்று நான் கத்தியது. அதற்கு மறுநாள் அவள் முறத்தில் வெள்ளைத் துண்டை விரித்து அதன்மேல் காயைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தது. கிரானைட் கடையில் ஓர் எட்டு பின்னால் போய் நின்றது. அந்த மஞ்சள் கோடு, அந்த நீலம். தனக்குப் பிடித்த நிறத்தை அவள் ஒன்றுகூடக் கேட்கவில்லை. இந்த வீட்டுக்குள் விழாமல் நடமாட வழி கேட்டிருக்கிறாள். பதினோரு பச்சை தெரிந்த நான் அதைப் பால்வாடி என்று கேலி பேசினேன்.

உள்ளே போய்க் கத்தரிக்காய்களை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் திரும்பவில்லை.

"எத்தன நாளா?" என்று கேட்டேன்.

காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். கெங்குவார்பட்டியில் அவள் அக்கா வீட்டுக்குப் போனபோது அங்கே பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டிருந்தார்கள். கண்ணில் அழுத்தம் அதிகம், பக்கவாட்டுப் பார்வை குறைந்துகொண்டு வருகிறது, சொட்டு மருந்து விடாமல் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்களாம். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மருந்தை வத்தல் டப்பாவுக்குள் ஒளித்து வைத்து, நான் கடைக்குப் போன பிறகு போட்டிருக்கிறாள். பளபளக்கிற கல்லில் வெளிச்சம் அடித்தால் அவளுக்கு எல்லாமே அழிந்துபோகுமாம்.

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"எங்க அக்காவ அங்கன என்ன செஞ்சாகன்னு பாத்தீகள்ல?" என்றாள்.

பார்த்திருக்கிறேன். அவள் அக்காவுக்கும் இதே கண் நோய். அறுவடை நாளில் நாற்பது பேருக்கு ஒற்றை ஆளாகச் சோறு பொங்கியவர். பார்வை குறைந்ததும் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். அடுப்புப் பக்கம் எழுந்து போனால் நாலு பேர் ஓடிவந்து கையைப் பிடிப்பார்கள். பாசத்தில்தான் செய்கிறார்கள். போன தீபாவளிக்குப் போனபோது, எண்ணெய் வாசம் வருது, காய்ந்தது போதும், வடையைப் போடுங்க என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். யார் காதிலும் அது ஏறவில்லை.

"மருந்து போடுறேன், ஆசுபத்திரிக்கு வாறேன், என்ன வேணாலும் செய்றேன். என்னைய மட்டும் உக்கார வச்சுராதீக" என்றாள்.

"வைக்க மாட்டேன்" என்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கருப்புக் கல்லைப் பெயர்த்து எடுக்கச் சொன்னேன். "புதுக் கல்லுண்ணே, பாவம்ணே" என்று அவர் கல்லுக்காக வருத்தப்பட்டார். அது இப்போது கொல்லையில் துணி துவைக்கிற மேடையாகக் கிடக்கிறது.

வண்ணத்தை ஏலக்காய் பார்க்கிற மாதிரியே பார்த்தோம். கதவு நிலையில் நாலு நீலத்தைப் பட்டை பட்டையாக அடிக்கச் சொல்லி, காலையிலும் உச்சியிலும் விளக்கு வைக்கிற நேரத்திலும் அவளை எதிரே நிறுத்தித் தெரியுதா என்று கேட்டேன். முதல் இரண்டு தடவை பழக்கதோஷத்தில் தெரியுது என்றாள். மூன்றாவதில் நிதானித்துப் பார்த்துவிட்டு, "தெரியல" என்றாள். அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு அவள் முகமே மாறிவிட்டது. அப்புறம் என்னை ஒரு வழி பண்ணிவிட்டாள். "அது தெரியல, இது சுமாரு, அங்கன இன்னும் கொஞ்சம் அழுத்தமா" என்று பெயிண்டரை மூன்று நாள் ஏணியிலிருந்து இறங்கவிடவில்லை.

கண் விஷயத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது அவள் கட்டளை. இப்போது எழுதுவதற்கு மட்டும் அனுமதி கேட்டேன். "எழுதுங்க, பேரு போடாதீக" என்றாள்.

வேலை முடிந்து, புது அடுப்படியில் பால் காய்ச்சினோம். பஜாரிலிருந்து நாலைந்து பேர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வந்தவர்கள் வாசலிலேயே தயங்கினார்கள். வெள்ளைச் சுவரில் கெட்டி நீல நிலை, ஸ்விட்சைச் சுற்றி நீலக் கட்டம், படியில் மஞ்சள் கோடு. அடுப்படியை எட்டிப் பார்த்தால் வெள்ளைக் கல்லுக்குக் கருப்பு ஓரம். என்னோடு இருபது வருஷமாகத் தொழில் செய்யும் ஒருவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏப்பா, இது யாரு பாத்த கலரு?" என்றார். எல்லோரும் சிரிக்கத் தயாராக என் முகத்தைப் பார்த்தார்கள். கத்தரிக்காய்க் கதை கேட்டவர்கள்தானே, அவள் பேரைத்தான் எதிர்பார்த்தார்கள்.

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

"நான்தான்" என்றேன். "கல்லு, கலரு எல்லாம் நான் பாத்ததுதான்."

"நீயா! ஒனக்கென்னய்யா ஆச்சு, நல்லாத்தானே இருந்த?" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். வீடே சிரித்தது. இனி இவனை நம்பிப் புடவை எடுக்கப் போகக் கூடாது என்றார் இன்னொருவர். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். மறுநாள் பஜார் முழுக்க இந்தக் கதை போய்விடும், அதில் வாழைக்காயும் வெண்டைக்காயும் சேர்ந்துகொள்ளும் என்று தெரிந்துதான் சிரித்தேன்.

உள்ளே கரண்டிச் சத்தம் மறுபடியும் கேட்க ஆரம்பித்தது. எண்ணெயில் கத்தரிக்காய் வதங்குகிற வாசம் வந்தது. ஒருவர் மனைவி உதவிக்கு என்று எழுந்தார்.

"நீங்க உக்காருங்க மதினி, எல்லாம் அவளே பாத்துக்கிருவா" என்றேன்.